கருமண் வீடும் இரண்டு பீப்பாய் ரெசினும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் வீடு. பாலக்காட்டுச் சித்தூர் வட்டம். ஆந்திரத்துச் சித்தூருக்குப் பொட்டலத்தை அனுப்பிவைக்கும் கூரியர்காரர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். கேரளம் என்றாலே மழையும் செம்மண்ணும்தான் பலருக்கு நினைவில் வரும். எங்கள் பக்கம் மழை மறைவு நிலம், வீட்டில் தமிழ், மண் கறுப்பு.

இந்தச் சித்திரைக்கு மெல்போர்னிலிருந்து வந்து இறங்கியபோது, படுக்கையறைச் சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல இறங்கிய வெடிப்பில் ஐந்து ரூபாய் நாணயம் விளிம்புவாட்டில் நுழைந்தது. பூஜை அறைக் கதவு சாத்தவில்லை. முன் திண்ணைத் தரை ஒரு பக்கம் அமுங்கி, வாளியில் தண்ணீர் வைத்தால் சாய்ந்து நின்றது. "ஐப்பசியில் தானாக மூடிக்கொள்ளும் சாமி, பூசிப் பூசிக் காசைக் கரியாக்காதே" என்றார் அம்மா.

பாதி உண்மைதான். கருமண்ணில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் தன் அடுக்குகளுக்கு நடுவே நீரை வாங்கி உப்பும். கோடையில் நீரை விட்டுச் சுருங்கி வெடிக்கும். வீடு முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் தொல்லை இல்லை. ஒரு மூலை ஏற, இன்னொரு மூலை இறங்க, நடுவில் சுவர் கிழிகிறது.

மெல்போர்ன் மேற்குப் புறநகரிலும் இதே குணமுள்ள களிமண்தான். அங்கே என் வீட்டின் ஒரு மூலை அமுங்கியபோது, அஸ்திவாரத்தை ஒட்டி விரல் பருமனுக்குத் துளையிட்டு, உள்ளே போனதும் நுரைத்து உப்பி இறுகும் பாலியூரித்தேன் ரெசினைச் செலுத்தி, ஒரே நாளில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். அதே வேலையை ஊரிலும் செய்துவிட்டுத் திரும்பலாம் என்று மூன்று வார விடுப்பில் கணக்குப் போட்டிருந்தேன்.

முதலில் கூப்பிட்டது ஒரு பெருநகர நிறுவனத்தை. ஆய்வுக் கட்டணம் என்று ஐந்தாயிரம் வாங்கிக்கொண்டு, நான்காம் நாள் ஒரு பையன் டேப்புடன் வந்து வீட்டைச் சுற்றி அளந்தான். குழி தோண்டவில்லை, மண்ணைக் கையில் எடுத்தும் பார்க்கவில்லை. பின்பக்கத்துச் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கசிகிறதே என்றேன். "அது பிளம்பர் வேலை சார்." மறுநாளே விலைப்புள்ளி வந்துவிட்டது: வீடு முழுவதும் ரெசின், நான்கு லட்சத்து எண்பதாயிரம், பத்தாண்டு உத்தரவாதம். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையை மச்சான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டினார்: நீர்க்கசிவாலும் மரவேராலும் வரும் அசைவு உத்தரவாதத்தில் அடங்காது. கருமண்ணில் வேறு எதனால் வீடு அசையும் என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. ஐந்தாயிரமும் திரும்பவில்லை.

இரண்டாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். மண் ஆய்வில் பதினைந்து வருடப் பழக்கம் என்றார். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. வேப்ப மரத்தடிக்குப் போனார். அங்கும் சம்ப் பக்கத்திலும் அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை குழி தோண்டச் சொன்னார். பிறகு அவர் செய்ததை அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மண்ணை உலர்த்தி, பொடித்து, நுண் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டார். ஒன்றில் பேட்டரிக் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டுப் பெரியப்பா விளக்குக்கு வைத்திருந்ததில் அரை பாட்டில் கொடுத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் 11 மில்லியில் அடங்கிக் கிடந்தது, நீரில் 21 மில்லிக்கு உப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் இந்தக் களிமண் உப்பாது. ஆகவே வித்தியாசம் முழுக்க உப்பல். கிட்டத்தட்ட 90 விழுக்காடு. 50-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

லெவல் வைத்துப் பார்த்ததில் வேப்ப மரத்து மூலை 22 மில்லிமீட்டர் தாழ்ந்தும், சம்ப் பக்கம் 9 மில்லிமீட்டர் உயர்ந்தும் இருந்தன. ஒரு பக்கம் மரம் உறிஞ்சுகிறது, மறுபக்கம் சம்ப் ஊட்டுகிறது.

"இப்போது கோடை. மண் சுருங்கி இருக்கும்போது இடைவெளியை ரெசினால் அடைத்துத் தூக்கிவிட்டால், மழையில் மண் உப்பும்போது எங்கே போகும் சார்? வீட்டைத்தான் இன்னும் தூக்கும்" என்றார். சம்பின் கசிவை அடைக்க வேண்டும், கூரை நீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட வேண்டும், வீட்டைச் சுற்றி நான்கடிக்குச் சிமெண்ட் தளம் போட வேண்டும், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே வேர்த்தடுப்பு வைக்க வேண்டும். ஓராண்டு பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம். பின்னால் அறை சேர்த்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அதற்கு மட்டும் அடியில் குமிழ் விரிந்த பைல், அதாவது ஆழத்துக்கு இறங்கும் அஸ்திவாரத் தூண், போடலாம். கருமண்ணுக்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை அது.

காசு வாங்க வந்தவர் வேலை வேண்டாம் என்பதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் திண்ணைக்கு மட்டும் சரி என்றார். அதன் அடியில் இருப்பது கொட்டி நிரப்பிய சரளை. சரியாகத் திமிசு போடாததால் அமுங்கி, தரைக்கடியில் வெற்றிடம் விட்டிருக்கிறது. அங்கே உப்பல் கதை இல்லை.

அவர் ஏற்பாடு செய்த குழு ஒரு வேனில் வந்தது. இரண்டு பீப்பாய்: ஒன்றில் பாலியால், ஒன்றில் ஐசோசயனேட். கலந்தால் ரெசினாகும் இரண்டு வேதித் திரவங்கள். இரண்டும் சூடேறிய குழாய்களில் வந்து துப்பாக்கி முனையில்தான் கலக்கின்றன. முகமூடி போட்டவர் தவிர மற்றவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். தரையில் 16 மில்லிமீட்டர் துளைகள், மூன்றடிக்கு ஒன்று. விசையை அழுத்திய சில நொடிகளில் ஒரு விரிசல் வழியே தேன் நிற நுரை பிதுங்கி வந்து, கண்முன்னே உப்பிக் கட்டியானது. பையன் ஒருவன் கத்தியால் சீவி எடுத்தான். ரெசின் எளிதான வழியைத்தான் தேடிப் போகும், நாம் நினைத்த இடத்துக்கு அல்ல என்று மேஸ்திரி சொன்னார். அதனால் கொஞ்சம் செலுத்துவது, லேசர் கருவி ஓசையிடுகிறதா பார்ப்பது, நிறுத்துவது. மூன்றாம் துளையில் தரை ஒரு மில்லிமீட்டர் அசைந்தது. மதியத்துக்குள் 14 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. சாப்பிட்டு வருவதற்குள் இறுகிப்போய், அம்மா அதன்மேல் கூடையோடு உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இந்த வேலைக்குக் கிலோக் கணக்கில் பணம் கேட்பவர்கள் உண்டு. தொடங்குமுன் பீப்பாய்களை எடை போடச் சொல்லுங்கள், முடித்தபின் மறுபடியும். எங்களுக்கு 46 கிலோ போயிற்று. கேட்காமலேயே தராசைக் காட்டினார்கள்.

படுக்கையறை வெடிப்பைப் பூசவில்லை. அதன் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போனார் பொறியாளர். சுவர் அசைந்தால் சில்லு உடையும். மாதம் பிறந்ததும் மச்சான் படம் எடுத்து அனுப்புகிறார். ஆடியில் நடுச் சில்லு உடைந்தது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தும் மற்ற இரண்டும் முழுதாக இருக்கின்றன. வேர்த்தடுப்புக் குழியை மட்டும் அம்மா இன்னும் தோண்ட விடவில்லை. வேப்ப மரத்துக்கு வலிக்குமாம்.