இனிஷ்டீக்கா, கிரேக்நமனாவா?

அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் ஒரு ஆற்றங்கரை ஊரைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதா? படம் எடுக்க மட்டும் என்றால் இனிஷ்டீக் போங்கள்: நோர் ஆற்றின் மேல் பத்து வளைவுப் பாலம், மரங்கள் சூழ்ந்த சதுக்கம், மேலே 1922-இல் எரிக்கப்பட்ட வுட்ஸ்டாக் மாளிகை, அதன் தோட்டம்.

என் ஓட்டு கிரேக்நமனாவுக்கே. பேரோ ஆற்றங்கரையில் 1204-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் தொடங்கிய டூயிஷ்க் மடத்தை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடினார்கள், பிற்பாடு கோபுரமே இடிந்து விழுந்தது, ஆனாலும் அதே கோயிலில்தான் ஊர்க்காரர்கள் இன்றும் பூசை காண்கிறார்கள். கம்பளி ஆலையும் உண்டு. அப்புறம், பாலம் தாண்டினால் கார்லோ மாவட்டம். ஹர்லிங் (மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு) சீசனில், எதிரணி ரசிகர்களான அக்கரைக்காரரிடம் பார்த்துப் பேசுங்கள்!