சேலத்துல இருந்து ரெண்டாவது எலக்ட்ரிக் கிட்டார் எடுக்கிறவங்களுக்கு: யமஹா பசிஃபிகா 112வி

கிட்டார், சின்ன ஆம்ப், பெல்ட், பை, நாலு பிக்னு மொத்தமா ஒரே டப்பால வருமே, அந்த காம்போவுல ஆரம்பிச்சு, கார்டெல்லாம் ஓரளவு விழ ஆரம்பிச்சு, இப்ப அடுத்து நல்லதா ஒன்னு எடுக்கலாம்னு நெட்ல மேஞ்சுட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இது. நான் எடுத்தது யமஹா பசிஃபிகா 112வி. கண்ண மூடிட்டு எடுங்கன்னு சொல்ல மாட்டேன், கண்ணத் தொறந்து நல்லா பாத்து எடுங்க, ஆனா எடுக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒன்னு. பழைய கிட்டார் வேஸ்ட்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு செட்டப் (கம்பி உயரம், நெக்கு எல்லாம் சரி பண்ற வேலை) பண்ணிப் பாருங்க. கடைக்காரங்க இத சொல்லவே மாட்டாங்க, சொன்னா வியாபாரம் போச்சே. என்னோடதுல பன்னெண்டாவது ஃப்ரெட் கிட்ட கம்பி அவ்ளோ உசரத்துல நிக்கும், எஃப் கார்ட் புடிச்சா விரல் நுனி எரியும். அம்மாபேட்டை பக்கம் சர்ச்சுல வாசிக்கிற ஒரு அண்ணன் இருக்கார், கிட்டார் வேலையும் பாப்பார், அவர்ட்ட குடுத்தேன். நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பிய கால் சுத்து திருப்பி நெக்க நேராக்கினார், பிரிட்ஜ்ல கம்பிய தாங்குற சேடில இறக்கினார், அப்புறம் நெக்கோட மேல் முனைல இருக்கிற நட்டுல ஜி கம்பி உக்கார்ற பள்ளத்த மெல்லிசா ஒரு அரத்துல ரெண்டு இழு இழுத்து பென்சில் கரியத் தேய்ச்சு விட்டார். முன்னெல்லாம் ட்யூன் பண்ணா 'டிங்'னு ஒரு சத்தம் வந்து கம்பி ஒரே தாவா தாவும், அது அன்னைக்கே நின்னுருச்சு. ட்யூனிங் நிக்கலன்னா நாம எப்பவும் கம்பிய முறுக்குற கீயத்தான் குத்தம் சொல்றோம், பல நேரம் நட்டுல கம்பி மாட்டிக்கிறதுதான் விஷயமே.

செட்டப் பண்ணதுக்கு அப்புறமும் எதெல்லாம் சரியாகலையோ அதுக்குத்தான் புதுசுல காசு குடுக்கணும். எனக்கு நின்னது ரெண்டு. ஃப்ரெட்டு முனையெல்லாம் உள்ளங்கைய கீறும். ஆம்ப்ல கெயின் (சத்தத்த கரகரன்னு ஆக்குற நாப்) ஏத்துனா சத்தம் கொழகொழன்னு ஆயி, கார்டுக்குள்ள எந்த நோட் எங்க இருக்குன்னே தெரியாது. அதனால ஃப்ரெட் வேலையும், கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற பிக்கப்பும்தான் முக்கியம்னு ஆச்சு, கலரு, ஷேப்பு, ஹெட்ஸ்டாக்ல எழுதியிருக்கிற பேரு எல்லாம் லிஸ்ட்ல கீழ போயிருச்சு.

அக்கா பையன் இதுக்கு ஒத்துக்கவே இல்ல. "மாமா, எடுத்தா லெஸ் பால் ஷேப்தான், மத்ததெல்லாம் சும்மா"ங்கிறான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இல்லாம இல்ல, கிப்சனோட அந்த டைப்ல ஸ்கேல் (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்) 24.75 இன்ச், ஃபெண்டர் டைப்புல 25.5, அதே கம்பி மாட்டினாலும் சின்ன ஸ்கேல்ல கொஞ்சம் மெத்துனு வளையும், பெண்ட் பண்ண சுகமா இருக்கும். ஆனா 4 கிலோ பக்கம் வர்ற கிட்டார தோள்ல மாட்டிட்டு ஒரு முழு ப்ரோக்ராம் நின்னு வாசிச்சுட்டு வந்து பேசுடான்னேன், பதில் இல்ல.

பிக்கப்ல நம்ம ஊரு வீட்டு கரண்ட்டயும் கணக்குல எடுத்துக்கணும். சிங்கிள் காயில்ங்கிறது காந்தத்த சுத்தி ஒரே ஒரு கம்பிச் சுருள் இருக்கிற பிக்கப், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல அப்படியே வாங்கி ஆம்புக்கு அனுப்பும். எர்த்திங் சரியில்லாத பழைய வீடு, கரண்ட் போயி ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல ஓடுற நேரம்னா கேக்கவே வேணாம், தேனீக்கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும். இந்த இரைச்சலுக்குத்தான் 1955ல கிப்சன் கம்பெனில சேத் லவர்ங்கிறவர் ஹம்பக்கர உருவாக்கினார், ரெண்டு காயில எதிரெதிரா சேத்து வச்சா இரைச்சல் ஒன்ன ஒன்னு வெட்டிக்கும், கம்பியோட சத்தம் மட்டும் சேந்து வரும். அப்ப எல்லாமே ஹம்பக்கரா எடுத்துடலாமேன்னா, க்ளீன் டோன்ல அந்த சிலுசிலுப்பு போயிடும், நம்ம மெலடி பாட்டு பிட்டெல்லாம் வாசிக்கிறவங்களுக்கு அது இல்லாம முடியாது. எனக்கு ரெண்டும் வேணும், அதான் பிரிட்ஜ்ல ஹம்பக்கர், மத்த ரெண்டு சிங்கிள்னு வர்ற எச்எஸ்எஸ் பக்கம் வந்தேன்.

112வில அதான் இருக்கு. ஆல்டர் பாடி, மேப்பிள் நெக், 22 ஃப்ரெட், அல்னிகோ காந்தம் வச்ச பிக்கப், டோன் நாப இழுத்தா ஹம்பக்கர் பாதி ஆஃப் ஆயி சிங்கிள் காயிலா பேசும். இழுத்து வச்ச சத்தம் கொஞ்சம் ஒல்லிதான், வால்யூமும் லேசா இறங்கும், நான் எப்பவாவதுதான் இழுக்கிறேன். விரல் அமுக்குற போர்டோட வளைவு ஆரம் 13.75 இன்ச், கிட்டத்தட்ட தட்டை, மேல பெண்ட் பண்ணா நோட் சாகாம பாடுது. ஃப்ரெட் முனைல கைய ஓட்டுனா ஒன்னும் தட்டல, எனக்கு அங்கயே பாதி மனசு வந்துருச்சு. வாங்குறப்ப பேர நல்லா படிங்க, ஏன்னா பசிஃபிகால 012, 112ஜே, 112வின்னு வரிசையா இருக்கு, தூரத்துல எல்லாம் ஒரே மாதிரி தெரியும், முதல் ரெண்டுல செராமிக் காந்த பிக்கப், இழுக்கிற நாபும் கிடையாது. வி-க்கு 30,000 ரூபா பக்கம் ஆச்சு.

எங்க பாக்குறதுங்கிறது தனிக் கதை. நம்ம ஊர்ல நான் ஏறி இறங்குன கடைகள்ல அக்கூஸ்டிக்கும் கீபோர்டும்தான் நிறைய, எலக்ட்ரிக் மேல ரெண்டு தொங்கும். ஒரு கடைல ஆம்ப்ல போட்டுப் பாக்கணும்னு கேட்டதுக்கு "வாங்குறதா இருந்தா எறக்குறேன் தம்பி"ன்னுட்டார், வெளிய வந்து ஒரு தட்டுவடை செட் தின்னதுக்கு அப்புறம்தான் கடுப்பு அடங்குச்சு. ஜங்ஷன்ல காலைல ட்ரெயின் ஏறி கோயம்புத்தூர் போயிட்டேன், அங்க நாலஞ்சு மாடல வரிசையா மடில வச்சுப் பாக்க முடிஞ்சுது. கடைல எஃபெக்ட்டு, ரிவெர்ப்பு எல்லாத்தயும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, டிஸ்டார்ஷன்ல எந்தக் கிட்டாரும் நல்லாத்தான் இருக்கும். க்ளீன்ல மெல்லிசு ஈ கம்பிய ஒவ்வொரு ஃப்ரெட்டா அமுக்கி கடைசி வரைக்கும் போங்க, எங்கயாவது 'ஜ்ர்ர்'னா கேளுங்க. கடைக்காரர் மூஞ்சியப் பாக்காதீங்க.

அங்கயே ஸ்க்வயர் க்ளாசிக் வைப் ஸ்ட்ராட்டும் வாசிச்சேன், க்ளீன் சத்தம் மட்டும் வச்சுப் பாத்தா அதுதான் ஜெயிக்கும், 9.5 இன்ச் வளைவு கார்ட் புடிக்க கைக்கு அடக்கமா இருக்கு. ஆனா நான் எடுத்துப் பாத்தது மூணும் சிங்கிள் காயில், மேல சொன்ன இன்வர்ட்டர் கதை ஞாபகம் வந்துருச்சு. மெட்டல்தான் வாசிப்பேன்னா ஐபனெஸ் ஆர்ஜி பக்கம் போங்க, நெக்கு மெல்லிசு, வேகத்துக்குன்னே செஞ்சது.

ட்ரெமலோ, அதாவது பிரிட்ஜ அசைச்சு சுருதிய ஏத்தி இறக்குற கைப்பிடி, அதப் பத்தி சொல்லியே ஆகணும். இதுல இருக்கிறது வின்டேஜ் டைப், எந்த கம்பெனி கிட்டார்ல இருந்தாலும் இந்த டைப்ப புடிச்சு முரட்டுத்தனமா ஆட்டுனா ட்யூனிங் நகரத்தான் செய்யும், லேசா அசைக்கிறதுக்குத்தான் அது. நான் பின்னாடி ஸ்ப்ரிங்க டைட் பண்ணி பிரிட்ஜ பாடியோட படிய வச்சுட்டேன். இன்னொன்னு, ஏற்காட்டுல ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போனப்ப கீழ அஸ்தம்பட்டில வேர்க்க வேர்க்க ட்யூன் பண்ணி பைல போட்டது, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல போயி பனிக்குள்ள எடுத்துப் பாத்தா எல்லா கம்பியும் ஷார்ப்பா, சுருதி ஏறி நிக்குது. கிட்டார் மேல தப்பில்ல, குளிருக்கு கம்பி சுருங்கி இறுகுது, அவ்ளோதான். போனதும் பைய தொறந்து அரை மணி நேரம் விட்டுட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க, மேலயே தங்கி வாசிக்கிறவங்கன்னா நெக்கயும் ஒரு தடவ செக் பண்ணிக்குங்க, அந்த ஈரத்துக்கு மரம் அசையும்.

பட்ஜெட் மொத்தத்தயும் கிட்டார்லயே கொட்டாதீங்க. காம்போல வந்த ஆம்ப்லயே இதயும் போட்டு வாசிச்சா என்ன மாறுச்சுன்னு வீட்ல கேப்பாங்க, பதில் சொல்ல முடியாது. கையில 40,000 இருந்தா கொஞ்சம் கம்மில கிட்டார முடிச்சுட்டு ஆம்புக்கு ஒதுக்குங்க. பேரம் பேசுறப்ப பெல்ட்டு, பிக்கு, ஸ்டாண்டுன்னு கேக்காம 9 கேஜ் மெல்லிசு கம்பி ஒரு செட் புதுசா மாட்டி ஆக்ஷன் (கம்பி உயரம்) எறக்கி கண்ணு முன்னாடியே செட்டப் பண்ணித் தாங்கன்னு கேளுங்க, வெலை கொறைக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறவங்க கூட இதுக்கு சரின்னுடுவாங்க.