முடி மாத்திரையால் தப்பாக வந்த தைராய்டு ரிப்போர்ட்: ரத்தம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தைராய்டுக்கு மாத்திரை போடுபவர்கள், அதிலும் முடி கொட்டுகிறது என்று சத்து மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், அடுத்த பரிசோதனைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு முடி மாத்திரை எழுதிக் கொடுத்ததும், அந்த மாத்திரையால் தப்பாக வந்த ரிப்போர்ட்டைக் காட்டி தைராய்டு டோஸைக் குறைத்ததும் ஒரே மருத்துவமனைதான். அதிலிருந்து மீண்டு வர மாதக்கணக்கில் ஆனது.

எனக்கு தைராய்டு குறைவு. பல வருடங்களாக லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 100 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) எப்போது பார்த்தாலும் 2, 3 என்று சரியாகவே இருந்தது. முடி கொட்டுகிறதே என்று அங்கேயே தோல் மருத்துவரைப் பார்த்தேன். பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைராய்டு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன். என் கோப்பின் முதல் பக்கத்திலும் அது இருக்கிறது. "ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, நடுவுல இடைவெளி விடுங்க" என்றார். ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழக்கமான பரிசோதனைக்கு லேபுக்குப் போனபோது நானாகவே கேட்டேன். "காலையில தைராய்டு மாத்திரை போட்டுட்டேன். முடிக்கும் ஒரு மாத்திரை சாப்பிடுறேன். பரவாயில்லையா?" ரத்தம் எடுப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தைராய்டுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம், எப்ப வேணாலும் எடுக்கலாம். கையை நீட்டுங்க." பிறகு அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு கட்டம், 'கடைசியாக மருந்து எடுத்த நேரம்' என்று இன்னொரு கட்டம். இரண்டிலும் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். நான் வாயால் சொன்னது எதுவும் அதில் ஏறவில்லை.

ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 0.08, பக்கத்தில் கீழ் நோக்கி ஓர் அம்புக்குறி. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன், அளவுக்கு மேல். "டோஸ் ஜாஸ்தியாயிடுச்சு, ஹைப்பருக்குப் போயிட்டீங்க" என்றார் மருத்துவர். அதாவது தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிவிட்டதாம். படபடப்பு இல்லை, கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை, வியர்வையும் இல்லை என்று சொன்னேன். நாடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ரிப்போர்ட்ல இருக்கே" என்று டோஸை 50 ஆக்கினார். கழுத்துக்கு ஸ்கேன் எழுதினார். 15 நாளில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். பயோட்டினை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் மறு ரிப்போர்ட்டும் அதே மாதிரிதான் வந்தது. டோஸ் 25 ஆனது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. காலையில் எழுந்திருக்கவே முடியாத அசதி, குளிர் தாங்கவில்லை, தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது, குரல் தடித்துப்போனது. எந்த முடிக்காக இதெல்லாம் ஆரம்பித்ததோ அது கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நான் போய்ச் சொன்னபோதெல்லாம் ரிப்போர்ட்டைத்தான் காட்டினார்கள்.

கடைசியில் வேறிடத்தில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? சத்து மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க" என்பதுதான். பயோட்டினை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து, அன்றைய தைராய்டு மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வைத்தார். டிஎஸ்எச் 19. ஹைப்பர் என்று சொல்லி மருந்தைக் குறைத்தவர்கள் என்னை உண்மையிலேயே கடுமையான தைராய்டு குறைவில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். பல லேப்களில் ஹார்மோனைப் பிடித்து அளக்க பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய இருந்தால், ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. டிஎஸ்எச் அளக்கும் முறையில் இதனால் அளவு பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 அளக்கும் முறை இதற்கு நேர்மாறு என்பதால் அவை பொய்யாகக் கூடும். இரண்டு தப்பும் ஒரே பக்கம் சாய்வதால், பார்ப்பவருக்கு அச்சு அசலாக ஹைப்பர் தைராய்டு போலவே தெரியும். தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய்க்குப் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனைகூட இதே காரணத்தால் பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். எல்லா இயந்திரத்திலும் இப்படி ஆவதில்லை. அதனால்தான் எந்த முறையில் அளக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017லேயே பயோட்டின் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையில் பொய்யாகக் குறைந்த அளவு வந்து ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்ததையும் அப்போதே சொன்னது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது. டோஸ் மிக அதிகமாக இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ இன்னும் அதிக நாள் தேவைப்படலாம், மருத்துவரைக் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். எனக்குக் கொடுத்தது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். டப்பாவின் பின்பக்கத்தில் 'வைட்டமின் பி7' அல்லது 'வைட்டமின் ஹெச்' என்று போட்டிருந்தாலும் அது பயோட்டின்தான். முடி, தோல், நகம் என்று விற்கும் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள்.

"எப்ப வேணாலும் எடுக்கலாம்" என்று அந்த லேபில் சொன்னதும் சரியில்லை. டிஎஸ்எச் நள்ளிரவுக்குப் பிறகு, விடியும் முன்பு உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கிவிடும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்குக் காலையில் எடுத்தால் ஒரு மாதிரியும் மாலையில் எடுத்தால் வேறு மாதிரியும் வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில், அதே லேபில் எடுத்தால்தான் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். சர்க்கரைப் பரிசோதனை மாதிரி வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். தினம் போடும் மற்ற மருந்துகளை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

15 நாளில் மறுபரிசோதனை எழுதினார்கள் இல்லையா, அதிலும் அர்த்தமில்லை. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டோஸை மாற்றினால் டிஎஸ்எச் நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும். காய்ச்சலோ பெரிய உடல்நலக் குறைவோ வந்து தேறிக்கொண்டிருக்கும்போதும் டிஎஸ்எச் ஏறி இறங்கும். அவசரமில்லை என்றால் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தள்ளிப்போடுதல் பொருந்தாது. அவர்களுக்கு டிஎஸ்எச் அளவுகோலே வேறு, மருத்துவர் சொன்ன தேதியில் எடுத்தே ஆக வேண்டும்.

மருத்துவமனைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். பரிசோதனை முறைப்படிதான் நடந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் விடாமல் கேட்ட பிறகுதான், அவர்கள் பயன்படுத்தும் கிட்டின் விளக்கத் தாளிலேயே பயோட்டின் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதை லேப் பொறுப்பாளர் போனில் ஒத்துக்கொண்டார். அச்சிட்டதைப் படிக்காமல் எத்தனை பேரின் டோஸை இப்படி மாற்றியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தித் தர மறுத்துவிட்டார்கள்.

உங்கள் ரிப்போர்ட் உங்கள் உடம்போடு ஒத்துப்போகவில்லை என்றால், நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். லேபில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ரத்தம் எடுத்த நேரம், எந்த இயந்திரத்தில் எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரம், உங்கள் பெயரில் நிரப்பிய படிவத்தின் நகல். அந்த நகல் கையில் இல்லாமல் என் புகாருக்கு ஒரு பதில்கூட வந்திருக்காது.