இடது கட்டைவிரலுக்கு 830 வெள்ளி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், ஹார்ட்வேர் கடையில் கேஷியர். போன மாதம் ஓர் ஆள் என்னிடமிருந்து மூன்று தடவையாக 830 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டான். லாட்டரி விழுந்திருக்கு, கோர்ட்டில் உங்கள் பேரில் கேஸ் இருக்கு என்று வரும் போன்களையெல்லாம் நான் முதல் வார்த்தையிலேயே வைத்துவிடுகிற ஆள். இது அப்படி வரவில்லை. கேள்வி கேட்டது நான். அவன் பதில் சொன்னான். அதுவும் எட்டு மாதமாகச் சரியான பதில்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பழக்கம். எது தெரியவில்லை என்றாலும் போனை எடுத்துக் குழுவில் கேட்டுவிடுவேன். வீட்டுச் சந்தேகங்களுக்கென்றே நம் ஆட்கள் நடத்தும் குழு, ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். அரிசியில் வண்டு வந்தால் என்ன செய்வது, பலாப்பழம் வெட்டிய கத்தியில் ஒட்டிய பாலை எப்படி எடுப்பது, மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் ரோட்டெக்ஸ் (சாலை வரி வில்லை) ஒட்ட வேண்டுமா, இந்த மாதிரி. தோட்டத்தில் இருந்த வரைக்கும் இதற்கெல்லாம் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, ஆள் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைப் பாட்டி, கடிதம் வந்தால் கிராணி (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா), சைக்கிள் செயின் என்றால் மூணாவது வீட்டு மாமா. கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டு, லயத்தையும் இடித்து, நாங்கள் டவுன் பக்கம் மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது. போனில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குழுவில் வேல் படம் வைத்த ஒருவன் இருந்தான். அப்போது நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், இப்போது அந்த மரியாதை வரவில்லை. அரிசி டப்பாவில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடச் சொன்னான், சரிதான். கத்திக்கு எண்ணெய் தடவித் துடைக்கச் சொன்னான். கேஸ் தோங் (சிலிண்டர்) மாற்றியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தபோது, தீக்குச்சி உரசாதீங்க, சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழ் வர்ற இடம்தான் ஒழுகுற இடம் என்று உடனே பதில் போட்டான். ரோட்டெக்ஸ் விஷயத்தில், 2023 பிப்ரவரியிலிருந்து நம் சொந்தக் கார், மோட்டாருக்கு ஒட்டிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் இருந்தால் போதும் என்றான். கேட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. ஒவ்வொரு பதிலுக்கும் கடைசியில் ஒரே வரி இருக்கும்: “கவளை படாதிங்க சிஸ்டர்.” லகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம். பாவம், தமிழ்ப்பள்ளி படிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

நடுவில் ஓர் எச்சரிக்கை வந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. குளியலறைத் தரையில் பிடித்த மஞ்சள் கறைக்கு வழி கேட்டிருந்தேன். வேறொருவர், பிளீச்சையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் கலந்து ஊற்றுங்கள் என்று எழுதினார். நாற்பது பேருக்கு மேல் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினேன். அரை நிமிஷத்தில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வருமாம், அது நுரையீரலையே கெடுக்கும் என்று கிளினிக்கில் டாக்டர் திட்டினார். அன்றைக்கு எனக்கு அந்த ஆள் மேல்தான் கோபம் வந்தது. வேல் படக்காரன் இப்படித் தப்பாகச் சொல்ல மாட்டான் என்று அவன் மேல் நம்பிக்கை இன்னும் கூடிப்போனது. என் புத்தி அப்படி!

இனி அம்மா கதை. அம்மாவுக்கு 63 வயது. பதினேழு வயதில் ரப்பர் பால் வெட்டப் போனவர், கடைசி வருஷங்களில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கினார், 60இல் ஓய்வு. ஊழியர் சேமநிதிப் பணத்தில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது, எடுக்கவில்லை. போட்டு வைத்தால் லாபஈவு வருமே என்று விட்டிருந்தோம். இந்த வருஷ மழையில் சமையலறைக் கூரை ஒழுக ஆரம்பித்ததும், சரி, 6,000 வெள்ளி எடுத்துச் சரி பண்ணிவிடலாம் என்று ஈப்போ சேமநிதி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மெஷின். ஐசியை (அடையாள அட்டையை) சொருகி, கட்டைவிரலை வைக்கச் சொல்கிறது. அம்மா வைத்தார். சிவப்பு எழுத்து. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சிவப்பு எழுத்து. மூன்றாவது தடவை நான் அம்மா விரலைப் பிடித்து அழுத்தினேன். அப்போதுதான் அந்த விரலை நன்றாகப் பார்த்தேன். பால் வெட்டுவதற்கு முன்னால், மரத்தில் முன்பு வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைக் கட்டைவிரலால் உரித்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். அம்மாவின் வலது கட்டைவிரல் நுனி, பழைய அம்மிக்கல் மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு வரி இல்லை. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். “வெரலு தேஞ்சு போச்சும்மா, வா போயிடலாம்” என்று அம்மா கூச்சப்பட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கும் மதிய ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். பத்தடி தள்ளிக் கவுண்டரில் ஆள் உட்கார்ந்திருந்தார். கேட்காமலே வந்துவிட்டேன்.

கேட்டது எங்கே? ராத்திரி, குழுவில். “அம்மாவுக்கு ரேகை விழவில்லை, சேமநிதி எடுக்க வேறு வழி உண்டா?”

கால் மணி நேரத்தில் அவன் பதில் வந்தது. இந்தத் தடவை குழுவில் ஒரு வரி மட்டும்: “சிஸ்டர், இன்பாக்ஸ் பாருங்க.” இன்பாக்ஸில், மெஷினில் இது நடக்காது, கோலாலம்பூரில் ரேகை விலக்குப் பாரம் என்று ஒன்று இருக்கிறது, அவன் மச்சான் உள்ளே வேலை செய்கிறார், வெளியில் எழுதினால் எல்லாரும் மச்சானைத் தொல்லை பண்ணுவார்கள் என்று இருந்தது. எட்டு மாதமாக ஆயிரம் பேர் பார்க்கப் பதில் சொன்னவன், பணம் என்றதும் யாரும் பார்க்காத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குழுவில் எழுதியிருந்தால், அப்படி ஒரு பாரமே கிடையாது என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

முதலில் பாரத்துக்கு 80 வெள்ளி. கேட்ட தொகை சின்னது, கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஸ்டாம்பிங் 250. கூடவே அம்மா ஐசியின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாக வேண்டும் என்றான், அனுப்பினேன். அடுத்த வாரம் அவசர டெபாசிட் 500, அது சேமநிதிப் பணத்தோடு திரும்ப வந்துவிடும் என்றான். பணம் போடும்போது பேங்க் செயலி, வாங்குபவர் பெயரைக் காட்டுமில்லையா? மூன்று தடவையும் மூன்று பெயர். ஒன்றுகூட அவன் பெயரும் இல்லை, மச்சான் பெயரும் இல்லை. கேட்டதற்கு, “ஆபீஸ் அக்கவுண்ட் சிஸ்டர், கவளை படாதிங்க” என்றான். நானும் படவில்லை.

மிச்சப் பணத்தைக் காப்பாற்றியது அம்மா. எழுத்துத் தெரியாதவர், பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். சேமநிதியில் பதிந்திருப்பது அந்த நம்பர், தோட்ட ஆபீசில் எப்போதோ கொடுத்தது. ஐசியைப் படம் எடுத்து அனுப்பினபோது அந்த நம்பரையும் நானே அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் நான் கடையில் இருந்த நேரத்தில் அதற்கு மெசேஜ் வந்திருக்கிறது. ஐந்தே நிமிஷத்தில் ஒருவன் போன் பண்ணி, “அம்மா, உங்க மக சொல்லித்தான் கூப்பிடுறேன், போன்ல வந்த நம்பரைப் படிங்க” என்றானாம். அம்மா சொன்ன பதில்: “தோட்டத்துல ரேகை வைக்கிறதுக்கு முன்னாடியே கிராணிய வாசிச்சுக் காட்டச் சொல்றவ நான். மக வந்து வாசிக்கட்டும், அப்புறம் சொல்றேன்.” அவன் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். மூன்றாவது தடவை குரல் மாறிவிட்டது, மரியாதை போய்விட்டது. அம்மா போனைப் போட்டு அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, பசியாறப் போய்விட்டார்.

சாயந்திரம் நான் வந்து படித்தேன். சேமநிதி வாரியத்தின் டேக் எண், அதாவது கணக்கைத் திறக்க அனுப்பும் ரகசிய எண். யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே மலாயில் எழுதியிருந்தது. கை நடுங்கியது. அந்த எண் அவன் கைக்குப் போயிருந்தால், அம்மாவின் நாற்பது வருஷ உழைப்பு இருக்கும் கணக்குக்குள் அவன் நுழைந்திருப்பான்.

அன்றைக்கே 997க்குக் கூப்பிட்டேன். தேசிய மோசடி உதவி மையம் அது, 2022இல் ஆரம்பித்தது, பேங்கும் போலீசும் சேர்ந்து பணத்தைத் தடுக்கப் பார்ப்பார்கள். எந்த பேங்க், எந்தக் கணக்கு, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். கடைசி 500 போய் நான்கு நாள் ஆகியிருந்தது. பணம் அந்தக் கணக்கைவிட்டுப் போய் நாளாகிவிட்டது. இதெல்லாம் மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை, நாள் கணக்கில் செய்தால் இப்படித்தான். மறுநாள் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய் ரிப்போர்ட் கொடுத்தேன், காசு ஒன்றும் வாங்கவில்லை. சார்ஜண்ட் மூன்று கணக்கு எண்ணையும் பார்த்துவிட்டு, “கெல்டாய் அக்கவுண்ட் கா” என்றார். மோசடிக்காரர்கள் பணம் கடத்த இன்னொருவர் பெயரில் வைத்திருக்கும் கணக்கு. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டை விற்றுவிடுகிறார்களாம், பிடித்தாலும் அந்த ஆள்தான் முதலில் மாட்டுவான். போலீசின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையோ போன் நம்பரையோ போட்டுப் பார்க்கலாம் என்று காட்டிக் கொடுத்தார். மூன்றையும் போட்டேன். மூன்றாவது கணக்கின் மேல் புகார்கள் இருந்தன. முதல் இரண்டும் சுத்தம். அதாவது முதல் 80 வெள்ளிக்கு முன்னால் நான் ஒழுங்காகத் தேடியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. புகார் இல்லை என்றால் இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தொகையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஆயா (என் பாட்டி) கதையை எடுத்தார். 1960இல் அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், நாமே வாங்குவோம் என்று சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார்களே, அதற்கு எங்கள் ஆயாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர். “அப்பவும் ஏமாத்திடுவாங்கன்னு சொன்னவங்க உண்டு. ஆனா அவரு இந்த ஊர்க்காரரு. வீடு எங்கன்னு ஆயாவுக்குத் தெரியும். நீ பணம் கொடுத்தவனுக்கு வீடு எங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி ஈப்போ. மெஷின் பக்கமே போகவில்லை, நேராக நம்பர் எடுத்துக் கவுண்டர். மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. ரேகை விழவில்லை என்று நான் ஆரம்பித்து, விலக்குப் பாரம் வரைக்கும் போவதற்குள், அவர் அம்மாவைப் பார்த்து “மாக்சிக், தாங்கான் கீரி” என்றார். இடது கை. ஐசி சிப்பில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் இருக்கிறதாம். அம்மா இடது கட்டைவிரலை வைத்தார். பச்சை. கட்டணம் எதுவும் இல்லை, சேமநிதி வாரியம் ஏஜெண்ட் யாரையும் வைத்திருக்கவில்லை என்று அந்தப் பெண் தட்டி எழுதிக்கொண்டே சொன்னார். எல்லாம் இருபது நிமிஷம். வெளியே வந்து அம்மா தன் இடது விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். “இது கத்தியோட அடிப்பிடியப் பிடிச்ச கை, அதான் மிச்சம் இருக்கு” என்றார்.

கூரை வேலை முடிந்துவிட்டது. 830 வரவில்லை, வரும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. ஐசி படம் அவனிடம் இருப்பதுதான் இன்னும் நெருடுகிறது. அதையும் ரிப்போர்ட்டில் எழுத வைத்தேன். நீங்களும் யாருக்காவது அனுப்பிவிட்டிருந்தால் அந்த வரியை விடாதீர்கள்.

வேல் படக் கணக்கு அந்த வாரமே மறைந்துவிட்டது. குழுவிலிருந்து நான் வெளியே வரவில்லை, வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று ராத்திரி பாகான் செராய் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, கணவருக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் இழுத்தடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தாமரைப் பூ படம் வைத்த புது ஆள் ஒருவன் பதில் போட்டிருக்கிறான். இன்பாக்ஸ் பாருங்க, கவளை படாதிங்க சிஸ்டர்.

அந்த அக்காவுக்கு அதே நிமிஷம் எழுதினேன். இதைப் போடும்வரை அவர் இன்னும் பார்க்கவில்லை.