வேட்டித் துணியா, டயபரா? மூன்று வீட்டுக் கொடிகள் சொன்ன கணக்கு

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். அதுவரை வாந்தி வராமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தோம். நான் பழைய வண்ணாரப்பேட்டை. என் வயதுத் தோழி காசிமேடு. இன்னொருவர் வியாசர்பாடி, எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவருக்கு அது இரண்டாவது பிரசவம். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அக்கா. எனக்கும் தோழிக்கும் ஆவணியில், அக்காவுக்குப் புரட்டாசியில் என்று தேதி சொல்லியிருந்தார்கள்.

குழந்தைக்கு வேண்டியதை ஆறாம் மாதத்திலிருந்து சேர்ந்தே திரட்டினோம். தொட்டிலா தூளியா என்ற பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று வீட்டுக் கூரையிலும் கொக்கி இருந்தது, பீரோவில் பழைய பருத்திப் புடவை இருந்தது. துண்டு, கொசுவலை, சோப்பு, எண்ணெய் எல்லாம் அரசு மருத்துவமனைகளில் 2015-இல் தொடங்கிய, 16 பொருள் கொண்ட குழந்தை நலப் பெட்டகத்திலேயே வந்துவிடும் என்று அக்கா சொன்னதால் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். வாரக்கணக்கில் இழுத்தது ஒரே கேள்விதான். குழந்தையின் இடுப்பில் எதைக் கட்டுவது?

பிள்ளை கைக்கு வரும் முன் புதிதாக எதையும் வாங்கி அடுக்கக் கூடாது என்பது என் மாமியாரின் உறுதியான எண்ணம். பழைய துணிக்கு அந்தத் தடை இல்லை. மாமனார் கட்டிப் பழகி மெலிந்த எட்டு முழ வேட்டிகள் மூன்றை எடுத்துக் கொடுத்தார். தோழிக்கு அவள் அண்ணன், பட்டன் வைத்து இடுப்பளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய துணி டயபர் ஆறு வாங்கித் தந்தான். அக்கா முதல் குழந்தைக்குத் துணி துவைத்து இடுப்பு விட்டுப்போனவர். இந்த முறை ஒருமுறை கட்டி எறியும் கடை டயபர்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆக, மூன்று பேரும் மூன்று வழியில் போனோம். என் குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். நான் வேட்டித் துணியின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணக் கணக்கை நீட்டி முழக்கத் தேவையில்லை. அக்காவுக்கு டயபர் ஒன்று 10 ரூபாய்க்குக் குறையாமல் விழுந்தது. ஒரு நாளைக்கு எட்டு என்றாலும் மாதம் 2,400 ரூபாய். துணி டயபருக்கு வாங்கும்போது ஒரு பெரிய செலவு, பிறகு சோப்புச் செலவு. வேட்டிக்கு, கீழ்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மாவுக்குக் கொடுத்த ஓரம் அடித்த கூலி மட்டும்தான். வசதி என்று பார்த்தால் டயபரை எதுவும் நெருங்க முடியாது. அதிலும் விவாதம் இல்லை.

எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். துவைத்த பிறகு எவ்வளவு சீக்கிரம் காயும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில், எங்கள் வீடுகள் இருக்கும் லட்சணத்தில், முடிவு செய்ய வேண்டியது அதை வைத்துத்தான்.

ஆவணி வெயிலில் இந்த உண்மை தெரியவில்லை. மொட்டை மாடியில் போட்டால் என் துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். தோழியின் துணி டயபரும் மத்தியானத்துக்குள் காய்ந்தது. அவளுடையது பார்க்கவும் அழகு. குழந்தை மடியில் இருந்தால் புடவை நனையாது. எனக்கே ஒரு சமயம் ஆசை வந்தது. அவளும் நான்கை இரவல் கொடுத்து உதவினாள். பிறகு ஐப்பசி பிறந்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் கொடி என்பது வீட்டுக்குள் கட்டும் கொடிதான். எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டுப் போட்டோம். வேட்டித் துணி பிரித்தால் ஒற்றை அடுக்கு. இரவு ஒன்பது மணிக்குப் போட்டதை விடியற்காலை மடித்து வைக்க முடிந்தது. துணி டயபரின் உள்ளே வைக்கும் திண்டு அப்படி இல்லை. நாலைந்து அடுக்கைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தால் நடுவில் சில்லென்று இருக்கும். மூன்றாம் நாள் அதிலிருந்து ஊறல் வாடை வரும். வெளிப்புற உறை நீர் புகாத பூச்சு உடையது என்பதால் இஸ்திரி போட்டு அவசரத்துக்குக் காயவைக்கவும் வழி இல்லை. வேட்டித் துணியில் லேசான ஈரம் இருந்தால் ஒரு தேய்ப்பில் போய்விடும். கார்த்திகை மாதம் தோழி தன் ஆறையும் பையில் போட்டுக் கட்டிவிட்டு டயபருக்கு மாறினாள்.

ஆறு என்பது அவள் தவறு, பன்னிரண்டு வாங்கியிருந்தால் சமாளித்திருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். இருக்கலாம். நான் அதைப் பயன்படுத்தியது இரண்டு மாதம், அதுவும் நான்கே நான்கு. வெயில் காலத்தில் தொடர்ந்து ஒரு வருடம் அது எப்படி உழைக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

எத்தனை துணி வேண்டும் என்ற கணக்கும் காயும் வேகத்திலிருந்துதான் வருகிறது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். இடுப்பில் ஒரு நாள் துணி, வாளியில் ஒரு நாள் துணி, கொடியில் ஒரு நாள் துணி. ஆக 36. எட்டு முழ வேட்டியை இரண்டு அடிச் சதுரமாக வெட்டினால் ஒரு வேட்டிக்குப் பன்னிரண்டு தேறும். மாமனார் மூன்று வேட்டி கொடுத்தது கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் அமைந்தது.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். முதல் வாரம் எல்லாத் துணியையும் போர் தண்ணீரிலேயே அலசினோம். சோப்பு நுரைக்கவே இல்லை. காய்ந்த துணி அப்பளம்போல் விறைத்து நின்றது. குழந்தையின் தொடை மடிப்பில் சிவப்பாகக் கோடு விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாதான் முறையை மாற்றினார். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது; சோப்புப் போட்டு அடிப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில்; கடைசி அலசல் மட்டும் மெட்ரோ தண்ணீரில். ஒரு நாள் துணிக்கு அந்த நல்ல தண்ணீர் இரண்டு குடம் போதுமாக இருந்தது. மறுநாளே துணி பழைய வேட்டியின் மென்மைக்கு வந்துவிட்டது. துணி மென்மையாக வேண்டும் என்று வாசனைத் திரவத்தில் முக்கி எடுக்காதீர்கள். அது நூலின்மேல் படிந்துகொண்டு ஈரத்தை இழுக்கவிடாது. தாய்ப்பால் மலத்தின் மஞ்சள் கறையைச் சோப்பைவிட வெயில் நன்றாக எடுக்கும்.

வெயிலில் போட்ட துணி வெள்ளையாகத் திரும்பி வருவதே அம்மாவுக்கு ஆச்சரியம். நான் பிறந்தபோது அவர்கள் ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி இருந்தார்கள். மாடியில் காயவைத்த மூத்திரத் துணியில் நிலக்கரித் தூள் படிந்துவிடும், உதறி உதறித்தான் எடுக்க வேண்டும் என்பார். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அது எண்ணூர்ப் பக்கம் போனது. இன்றைக்கு எண்ணூரில் இருக்கும் தாய்மார்களுக்கு நான் மொட்டை மாடியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டுக்குள் கொடி கட்டுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறியதால் எங்கள் பேட்டைக்கு இந்தப் பெயர் வந்தது. அந்தத் தெருக்களில் நின்று துணியை அலசும்போது அவர்கள் கைகளை நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

காயும் வேகத்துக்கு அடுத்தபடியாக என்னைத் துணியின் பக்கம் இழுத்தது ஒரு கேள்வி. முதல் வாரப் பரிசோதனையில் செவிலியர் கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது?” குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு முறையாவது போக வேண்டும். நான் யோசிக்காமல் ஒன்பது என்றேன். வாளியில் ஒன்பது துணி கிடந்தது. அக்காவால் சொல்ல முடியவில்லை. டயபருக்குள் இருக்கும் தூள் ஈரத்தைப் பிடித்துக் கூழாக்கிவிடுகிறது. இரண்டு முறையா நான்கு முறையா என்று வெளியே தெரியாது. பால் ஊறவில்லையோ என்ற பயத்தில் அவர் இரண்டு இரவு தூங்கவில்லை. என்னிடமிருந்து ஒரு டஜன் துணி வாங்கிப் போய் ஒரு வாரம் கட்டினார். நாளுக்கு ஏழு, எட்டு என்று எண்ணிக்கை வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. புட்டிப்பாலும் ஆரம்பிக்கவில்லை. குழந்தையின் எடை ஏறும்வரையாவது, அதாவது முதல் இரண்டு மூன்று வாரமாவது, பகலில் துணி கட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

டயபர் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. பிறந்த முதல் இரண்டு நாள் வரும் கறுத்த மலம் தார்போல் ஒட்டும். அதைத் துவைத்து மாளாது. அதற்குக் கிழிந்த புடவைத் துண்டோ டயபரோதான் சரி. தடுப்பூசிக்குப் போய் வரிசையில் நிற்கும் நாளிலும் பஸ் பயணத்திலும் துணி உதவாது. நாலாம் மாதத்திலிருந்து இரவுக்கு நானும் ஒரு டயபர் போட்டேன். இரண்டு பேரும் தூங்கினோம். என் மகளுக்கு அதனால் தோல் புண் எதுவும் வரவில்லை. ஒரே ஒரு குழந்தையை வைத்து, எந்தக் குழந்தைக்கும் வராது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முதல் நாற்பது நாள் பீத்துணி அலசியது நான் இல்லை, அம்மா. எனக்கு அறுவைச் சிகிச்சையில் பிறந்தது. குனிந்து வாளியைத் தூக்கியிருக்கவே முடியாது. அக்காவுக்கு அம்மா இல்லை. கணவர் மணலியில் ஷிப்ட் வேலை. மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவர் டயபர் வாங்கியது சரியான முடிவு. துவைக்க ஒரு கை இல்லாத வீட்டில் தாயின் உடம்பைக் கெடுத்துக்கொண்டு துணி கட்ட வேண்டியதே இல்லை.

ஆனால் டயபரைத் தெருமுனையில் வீசாதீர்கள். வடசென்னையின் குப்பை கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. வியாசர்பாடிக் காற்றில் அந்தப் புகையின் வாடை என்ன என்பது அக்காவுக்குத் தெரியும். டயபரில் இருப்பது பிளாஸ்டிக், மக்காது. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயபரைச் சுருட்டி, செய்தித்தாளில் இறுகக் கட்டித் தனியாகக் கொடுங்கள். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே இப்படிச் சுற்றித்தான் கொடுக்கச் சொல்லியிருந்தன. பிரித்துப்போடும் தூய்மைப் பணியாளரும் பெரும்பாலும் ஒரு தாய்தான்.

துணி கட்டுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. தொப்புள் காய்ந்து விழும்வரை முடிச்சு தொப்புளுக்குக் கீழே இருக்கட்டும். கால்களை நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது; தவளைபோல் மடங்கி விரிந்து இருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. மூன்றாவது, ஓரம் அடிக்காத துணியைக் கட்டவே கூடாது. பிரிந்த நூல் ஒன்று கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீரிட்டு அழும்.

36 துணியில் இப்போது மீந்திருப்பது 31. துணி டயபர் ஆறும் தோழியின் பரண்மேல் இருக்கின்றன. இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதால் யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம். நேற்று என் துணிகளைக் கொதிக்கவைத்து, மெட்ரோ தண்ணீரில் அலசி, மாடியில் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டில் நூல் பிரிந்திருந்தது. அவற்றை அடுப்படிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 29-ஐ மடித்து வைத்திருக்கிறேன். ஏழு குறைகிறது. மாமனாரிடம் இன்னொரு வேட்டி கேட்டிருக்கிறேன்.