காசிமேட்டில் 'ஃபுல் சர்வீஸ்' என்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்: தடைக்காலத்தில் எஞ்சின் வேலை கொடுப்பவர்கள் கவனிக்கவும்

சென்னை காசிமேட்டில் லாஞ்ச் (விசைப்படகு) வைத்திருப்பவர்களுக்கும் அவர்களோடு கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். துறைமுகத்துக்கு வெளியே பட்டறை போட்டிருக்கும் ஒருவர் எங்கள் விசைப்படகின் எஞ்சின், கியர்பாக்ஸ், சாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபுல் சர்வீஸ் என்று 68,000 ரூபாய் வாங்கினார். உண்மையில் நடந்தது ஆயில் மாற்றியதும் பெயின்ட் அடித்ததும்தான். புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் கை வைக்காமல் காசு வாங்கினார்கள் என்று விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் அத்தனையும் மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் இடங்கள்.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வலை வேலை, பலகை வேலை, எஞ்சின் வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மீன்வளத்துறை ஆய்வும் அந்த நேரத்தில்தான் நடக்கும். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வேலைக்கு நிற்பதால் நல்ல மெக்கானிக் கிடைப்பது பெரும்பாடு. இந்தப் பட்டறைக்காரர் அதைப் பயன்படுத்திக்கொண்டு, இருக்கிற ஆட்களால் முடிக்க முடியாத அளவுக்குப் படகுகளைப் பிடித்துப் போட்டிருந்தார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

எங்களுடையது ஆறு சிலிண்டர் லேலண்ட் எஞ்சின். எஞ்சின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. லெட்டர்பேடில் சீல் போட்டு அவர் கொடுத்த கணக்கில் வரிசையாக எழுதியிருந்தார்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கடல்தண்ணீர் பம்புக்குப் புது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம்), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றும் குழாய்ப் பெட்டி) கிளீனிங், நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) கழற்றி டெஸ்ட், கியர் ஆயில், சாஃப்ட் அலைன்மென்ட் (எஞ்சினும் சாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது), கிளாண்ட் பேக்கிங் (சாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கயிறு), ஜிங்க் (அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டை). படகை ஒப்படைத்தபோது எஞ்சின் பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட் போட்டுக் காட்டினார்கள். சத்தமும் நன்றாகவே இருந்தது.

தடை முடிந்து முதல் தங்கலுக்கு (சில நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போனபோது, பழவேற்காட்டைத் தாண்டி கரை தெரியாத தூரத்தில் எஞ்சின் சூடு ஏறியது. எஞ்சினைக் குளிர வைத்துவிட்டுப் படகின் பக்கத்தில் கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருப்பதை டிரைவர்தான் முதலில் பார்த்தார். உடனே எஞ்சினை நிறுத்தினார். அந்த மனிதர் கொஞ்சம் அசந்திருந்தால் சிலிண்டர் ஹெட் போயிருக்கும். வயர்லெஸ்ஸில் சொல்லி, தெரிந்தவர் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. அவர்களுக்கும் அன்றைய மீன்பாடு போச்சு. எங்களுக்கு டீசல், ஐஸ், ஆட்களின் செலவு எல்லாம் போச்சு. தடை முடிந்த முதல் வாரத்து மீனுக்கு என்ன மதிப்பு என்று காசிமேட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கரைக்கு வந்ததும் திருவொற்றியூரில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் கடல்தண்ணீர் பம்பின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது பழைய இம்பெல்லர். ரப்பர் இறக்கைகளில் பாதி இல்லை. "மீதி எங்க போச்சுன்னு காட்டுறேன், இரு தம்பி" என்று ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனையைத் திறந்தார். உடைந்த துண்டுகள் குழாய்களின் வாயில் சிக்கி, அதன்மேல் உப்பும் சேறும் கட்டியிருந்தது. கிளீனிங் செய்திருந்தால் அந்தச் சேறு எப்படி வரும்? இம்பெல்லர் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிய சின்னப் பொருள். எஞ்சின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அதைக்கூடப் போடாமல் ஏழு பேரைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னால் இன்னும் ஆற முடியவில்லை.

அடுத்து நாசில். "இந்த நட்டைப் பாரு" என்றார். டீசல் குழாய் நட்டுகளின் விளிம்பில் பழைய பெயின்ட் கொஞ்சமும் விரிசல் விடாமல் இருந்தது, அதன்மேல்தான் புதுப் பெயின்ட். ஸ்பானர் பட்டிருந்தால் அந்தப் பழைய பெயின்ட் உடைந்திருக்கும். ஆக, நாசிலைக் கழற்றவே இல்லை, டெஸ்ட்டுக்கு மட்டும் காசு வாங்கியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. கூலரில் எங்கோ கசிந்து தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். கியர் ஆயிலை உண்மையிலேயே மாற்றியிருந்தால் வடிக்கும்போதே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

கிளாண்ட் விஷயம் இன்னும் மோசம். படகைத் தண்ணீரில் இறக்கியபோது பட்டறைப் பையன் "ஒரு சொட்டுகூட ஒழுகல பாருங்கண்ணே" என்று பெருமையாகச் சொன்னான். கயிறு பேக்கிங் போட்ட கிளாண்டில் சாஃப்ட் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தே ஆக வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாஃப்ட்டைக் குளிர வைக்கிறது. இவர்கள் பழைய பேக்கிங்கையே விட்டுவிட்டு நட்டை இறுக்கி ஒழுகலை நிறுத்தியிருக்கிறார்கள். சாஃப்ட்டில் இப்போது வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கிறது. லேத் வேலைக்குத் தனிச் செலவு.

அலைன்மென்ட்டும் அப்படித்தான். படகு கரையில் தாங்கு கட்டைமேல் நிற்கும்போது அடிப்பாகம் ஒரு மாதிரி வளைந்திருக்கும், தண்ணீரில் மிதக்கும்போது வேறு மாதிரி. அதனால் இறக்கிய பிறகு ஒரு நாளாவது மிதக்கவிட்டு, கியர்பாக்ஸையும் சாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். "இறக்கின பிறகு வந்து பார்க்கிறோம்" என்றவர்கள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சுக்கான் பக்கத்தில் இருந்த ஜிங்கைத் திருவொற்றியூர் மெக்கானிக் சுரண்டினார். பாதி அரித்த பழைய கட்டை. அதன்மேலேயே அடிப்பெயின்ட் அடித்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் புரொப்பெல்லரும் சாஃப்ட்டும் அரிக்காமல் இருக்க, அவற்றுக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் ஜிங்கின் வேலை. பெயின்ட் பூசிவிட்டால் அது வேலையே செய்யாது. இது படகுப் பட்டறையில் இருக்கிற யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

பட்டறைக்காரரிடம் இம்பெல்லரைக் கொண்டுபோய்க் காட்டினேன். "கடல் தண்ணி தலைவா, எதுவும் நிக்காது" என்றார். புதுசாகப் போட்டதுதான், அதற்குள் உடைந்துவிட்டது என்று சாதித்தார். அப்படியானால் எங்கள் பழைய இம்பெல்லர் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அடுத்த தடைக்காலத்துல பார்த்துப் பண்ணிக்கலாம்" என்றார். அப்புறம் பட்டறைப் பக்கம் போனால் ஆளே இருப்பதில்லை.

யாரிடம் வேலை கொடுத்தாலும் கழற்றிய பழைய இம்பெல்லர், ஃபில்டர், ஜிங்க், பேக்கிங் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு மீதிப் பணம் கொடுங்கள். பெயின்ட் அடிப்பதைக் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள். முன்னாடியே அடித்துவிட்டால் எந்த நட்டைத் திறந்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பம்ப் மூடியை மாட்டும் முன் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தண்ணீரில் இறக்கி அலைன்மென்ட் பார்த்து, துறைமுகத்துக்குள்ளேயே லோடு போட்டு ஓட்டி, சூடு முள் ஒரே இடத்தில் நிற்கிறதா, பக்கத்தில் தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறதா என்று பார்த்த பிறகே கணக்கை முடியுங்கள். கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டி வையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் எங்கள் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். சீல் போட்ட கணக்கு, கழற்றிய பாகங்கள், திறக்கும்போது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் வரை அவகாசம் உண்டு. இதே தடைக்காலத்தில் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் பட்டறையில் 'ஃபுல் சர்வீஸ்' கொடுத்தவர்கள் இன்றே பம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பழைய இம்பெல்லர்தான் இருந்தால் தூக்கிப் போடாமல் கணக்குச் சீட்டோடு எடுத்து வையுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.