பாங்காக் பட்போங்: அட்டையைக் காட்டி அழைப்பவர் பின்னால் மாடி ஏறாதீர்கள்

பாங்காக் போகும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரு சாயங்காலமாவது சீலோம் சாலைப் பக்கம் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு அதே சாலையில் சாலா டேங் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தால், கால் மணி நேரத்தில் இடது கைப்பக்கம் பட்போங் வந்துவிடும். நாங்களும் அப்படித்தான் போனோம். நான், கணவர், கொழுந்தன். கோயில் குங்குமம் நெற்றியில் அப்படியே இருந்தது.

பட்போங் ஒன்று, பட்போங் இரண்டு என்று இரண்டு சின்னத் தெருக்கள். சீலோம் சாலைக்கும் சுராவோங் சாலைக்கும் நடுவில் இருக்கின்றன. இவை அரசாங்கத் தெருக்கள் இல்லை, ஒரு குடும்பத்தின் சொந்த நிலம். சீனாவின் ஹைனான் தீவில் இருந்து வந்தவர்கள் 1946இல் வாங்கிய இடம் அது. அவர்கள் பெயரே தெருவின் பெயராகிவிட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் விடுப்பில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களால் பெண்கள் ஆடுகிற பார்கள் பெருகின, அந்தக் கெட்ட பெயர் இன்று வரை போகவில்லை. இப்போது சாயங்காலமானால் தெரு நடுவில் இரவுச் சந்தை போடுகிறார்கள். போலிக் கடிகாரம், போலிப் பை, டீ-ஷர்ட், யானை படம் போட்ட கால்சட்டை எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு விலையை அடித்துக் காட்டுவார், நாம் அதை வாங்கி பாதியை அடித்துக் காட்ட வேண்டும். நான் போனது இதற்குத்தான். இந்தச் சந்தையில் பயப்பட ஒன்றும் இல்லை. பேரம் படியவில்லை என்றால் நடையைக் கட்டலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை.

தெருமட்டத்தில் இருக்கிற பார்களைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. கதவு திறந்து கிடக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று சந்தையில் நின்றபடியே தெரியும். பிடிக்காதவர்கள் பார்க்காமல் போகலாம். வினை எல்லாம் மாடியில்தான்.

சந்தையில் நடக்கும்போது கையில் லேமினேட் செய்த அட்டையோடு ஆட்கள் குறுக்கே வருவார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் "நமஸ்தே" என்பார்கள். அட்டையில் வரிசையாக 'பிங் பாங் ஷோ', 'அந்த ஷோ', 'இந்த ஷோ' என்று எழுதியிருக்கும். பெயரைப் பார்த்து டேபிள் டென்னிஸ் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெண்களை மேடையில் நிறுத்தி நடத்துகிற ஆபாச வித்தை. இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அட்டையின் கீழ்ப்பக்கம் கொட்டை எழுத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, பீர் 100 பாட் என்று போட்டிருந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டும் போகிற இடமாக இருக்கும் என்று நான் ஒதுங்கினேன். "லேடி ஓகே, ஃபேமிலி ஓகே, ஜஸ்ட் லுக், நோ லைக் நோ பே" என்றார் அந்த ஆள். ஜோடியாக வருபவர்களை அவர்களுக்கு இன்னும் பிடிக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. மனைவி பக்கத்தில் இருந்தால் கணவன் தகராறு செய்யமாட்டான், கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பான்.

நான் அந்த அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் அதைத் தடுக்கவில்லை, சிரித்துக்கொண்டு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஏன் தடுக்கவில்லை என்பதில்தான் இந்த ஏமாற்று வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

குறுகலான படிக்கட்டில் ஏறினோம். மேலே கனமான கதவு, அதற்கு அப்புறம் ஒரு திரை. உள்ளே ஏசியும் சிகரெட் நாற்றமும் கலந்து அடித்தது. கூட்டிவந்த ஆள் திரை வரைக்கும் வந்தார், உட்காரும்போது திரும்பிப் பார்த்தால் காணோம். சொல்லாமலேயே மூன்று பீர் வந்தது. எனக்கு வேண்டாம் என்று கோலா கேட்டேன், அதையும் கொண்டுவந்து வைத்தார்கள், பீரையும் எடுக்கவில்லை. பிறகு இரண்டு பெண்கள் வந்து கணவர் பக்கத்திலும் கொழுந்தன் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டார்கள். அவர்கள் கையில் கண்ணாடி டம்ளர்கள் எப்படி வந்தன என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. நாங்கள் வாங்கித் தரவில்லை என்று கணவர் சொன்னதற்கு ஒருத்தி "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று அவர் தோளைத் தட்டினாள். மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணோ எங்களைப் பார்க்கவே இல்லை. எங்கள் தலைக்கு மேல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். அவளுக்கும் எப்போது முடியும் என்று இருந்தது போல.

போதும், போகலாம் என்று எழுந்தோம். பில் வந்தது.

மங்கலான வெளிச்சத்தில் சின்ன டார்ச் அடித்துக் காட்டினார்கள். பீர் மூன்று, ஒன்று 400 வீதம் 1,200. பெண்களுக்கு வாங்கிக் கொடுத்தது நான்கு, ஒன்று 300 வீதம் 1,200. ஷோ பார்த்ததற்குத் தலைக்கு 1,500 வீதம் 4,500. மொத்தம் 6,900 பாட். நம் பணத்தில் பதினேழாயிரத்தைத் தாண்டும். இரண்டு பெண்கள் எப்படி நான்கு டம்ளர் குடித்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கல்லாவில் இருந்த அம்மா அதை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கடை அட்டை இல்லை, கீழே நிற்கிறவன் எங்கள் ஆள் இல்லை" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். உடனே தனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளை டார்ச் அடித்துக் காட்டினார். கையளவு தாள், அதில் பொடி எழுத்தில் அந்த 1,500 இருந்தது. அட்டை உங்களுக்கு விலை சொல்வதற்காக அச்சடித்ததே இல்லை. மாடியில் யாருக்கும் அது சொந்தமில்லை, அதனால் யாரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. படம் எடுத்தாலும் அந்த ஆள் சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்த காரணம் இதுதான்.

இந்த ஷோக்கள் அங்கேயும் சட்டப்படி நடப்பவை இல்லை. கீழே, தெரு பார்க்கும்படி வைக்க முடியாது என்பதால்தான் மாடிக்குக் கொண்டுபோகிறார்கள். மாடியில் மறைவாக நடக்கிற கடைக்கு வெளியே தெரிகிற விலைப்பட்டியலும் கிடையாது, கேட்க வழியும் கிடையாது. ஒழுங்கான பார் என்றால், ஒவ்வொன்றும் வாங்கும்போதே சீட்டு எழுதி, சுருட்டி, உங்கள் முன்னால் ஒரு சின்னக் குவளையில் சொருகி வைப்பார்கள். கணக்கு எங்கே போகிறது என்று எந்த நேரமும் எடுத்துப் பார்க்கலாம். பாங்காக்கில் எந்த பாரில் உட்கார்ந்தாலும் முதலில் மேஜையில் அந்தக் குவளை இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் மேஜையில் சாம்பல் தட்டு மட்டும்தான் இருந்தது.

கொழுந்தன் குரலை உயர்த்த ஆரம்பித்தான். அவன் கத்தக் கத்த, எங்கே இருந்தோ வந்து கதவுப் பக்கம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கை கட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். கதவு தெரியவில்லை. "அண்ணி, நீங்க முதல்ல கீழ போங்க" என்றான். போக விடவில்லை. தாய்லாந்தில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் காரியம் கெட்டுவிடும், எதிராளி அதைத் தன் மானத்துக்கு வந்த இழுக்காக எடுத்துக்கொள்வார். கணவர் அவனை உட்கார வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு, "இவ்வளவு பணம் எங்களிடம் இல்லை, சுற்றுலாப் போலீஸைக் கூப்பிடுகிறோம், அவர்கள் சொல்கிறபடி தருகிறோம்" என்றார். நான் போனில் 1155 அடித்து, திரையை அந்த அம்மாவுக்குத் தெரியும்படி பிடித்தேன். அழைக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

பில் உடனே 5,000 ஆனது. போனைக் கீழே வைக்காமல் நின்றேன், 4,000 ஆனது. 'ஏடிஎம்முக்கு எங்கள் பையன் கூட வருவான், கார்டில் எடுத்துக் கொடுங்கள்' என்றார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுக் கார்டு என்றால் அங்கே ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கட்டணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பர்ஸில் இருந்த 3,000 பாட்டை எண்ணி வைத்தோம். பில்லையும் கையோடு எடுத்துக்கொண்டோம். அதைப் பிடுங்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கதவில் நின்றவர்கள் விலகினார்கள்.

கீழே வந்ததும் 1155க்குப் பேசினோம். தாய்லாந்தின் சுற்றுலாக் காவல்துறை எண் அது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். எங்கே நிற்கிறீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், பில் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி. சீலோம் முனையில் காத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அதிகாரி வந்தார். படியேறவில்லை, படிக்கட்டின் அடியில் நின்று யாரையோ போனில் கூப்பிட்டார். அந்த அம்மாவே இறங்கி வந்து 2,000 பாட்டை என் கையில் வைத்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை, சில்லறை பாக்கியைத் திருப்பிக் கொடுப்பது போலக் கொடுத்தார். மீதி ஆயிரம் குடித்ததற்கு என்று கணக்கு. கடை மேல் நடவடிக்கை வேண்டுமானால் மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. எங்களுக்கு விடியற்காலை விமானம். அந்தக் கடை பிழைப்பதே இப்படி அவசரமாகக் கிளம்புகிறவர்களை நம்பித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைப் பெயரை நான் போடவில்லை. போட்டும் பலன் இல்லை, வாசலில் இருந்த பலகையில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர். எந்தக் கடை என்று தேடிக்கொண்டு இருக்காமல், மாடி, கையில் அட்டை, வாசல் வரை கூட்டிப்போகும் ஆள், இந்த மூன்றும் சேர்ந்தால் விலகிவிடுங்கள். 'நாங்கள் விலை கேட்டுக்கொண்டுதான் போவோம்' என்பவர்களுக்காகச் சொல்கிறேன், நாங்களும் விலை கேட்டோம், படமும் எடுத்தோம்.

டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநர் "நல்ல ஷோ தெரியும்" என்று கூட்டிப்போனாலும் இதே கதைதான், அவருக்குக் கமிஷன் உண்டு. ராத்திரி திரும்பும்போது பட்போங் முனையில் நிற்கிற டாக்சிகள் மீட்டர் போட மாட்டார்கள், ஒரே தொகையாகக் கேட்பார்கள். அங்கே மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், பெரிய வண்டி என்றால் 40. தெரு முனையில் ஏறாமல் சீலோம் சாலையில் கொஞ்சம் தள்ளி நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கை காட்டி நிறுத்துங்கள், இல்லை கிராப் செயலியில் வண்டி போடுங்கள். நள்ளிரவுக்குள் கிளம்பிவிட்டால் அதுவும் தேவையில்லை, சாலா டேங் நிலையம் சில நிமிஷ நடைதான்.